ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள்

2020 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை இரவு. ஸ்டுட்கார்ட் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் படிக்கட்டில் மேல்மாடி அம்மையார் இறங்கி வந்தார். முதுகில் மலையேற்றப் பை, கையில் காபி நிரப்பிய பிளாஸ்க், கழுத்தைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு துண்டு. குப்பைப் பையோடு வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "பெர்லினுக்குப் போகிறேன். ஞாயிறு மாலை வந்துவிடுவேன். படி கூட்டும் முறை இந்த வாரம் என்னுடையது, கூட்டித் துடைத்துவிட்டேன். பலகையை உங்கள் கதவில் மாட்டிவிடட்டுமா?" என்று கேட்டார்.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஸ்வாபிய நாட்டில் இது ஒரு சடங்குபோல நடக்கும். அடுக்குமாடி வீடுகளில் வாரம் ஒரு குடும்பம் பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை யாருடையதோ அவர்கள் கதவில் ஒரு சிறு மரப்பலகை தொங்கும். வேலை முடிந்ததும் பலகை அடுத்த கதவுக்குப் போகும். அந்த அம்மையார் தன் முறையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. எங்கள் மகள் அவரை 'ஓமா' என்றுதான் கூப்பிடுவாள். ஜெர்மன் மொழியில் பாட்டி என்று அர்த்தம். ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. ஒரு காசு வாங்காமல் என் மகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தவர். 1983 அக்டோபரில் அணு ஏவுகணைகளுக்கு எதிராக ஸ்டுட்கார்ட்டிலிருந்து நோய்-உல்ம் வரை 108 கிலோமீட்டருக்கு மக்கள் கைகோத்து நின்றார்களே, அந்தச் சங்கிலியில் நின்ற கைகளில் அவருடையதும் ஒன்று. 2010இல் ரயில் நிலையத்தை இடித்துப் பூமிக்கடியில் கட்டும் 'ஸ்டுட்கார்ட் 21' திட்டத்துக்காகப் பூங்கா மரங்களை வெட்ட வந்தபோது, போலீஸ் பீய்ச்சியடித்த தண்ணீரில் நனைந்து வீடு திரும்பியவர். வாழ்நாள் முழுவதும் பசுமைக் கட்சிக்கே வாக்களித்தவர்.

கொரோனாக் கட்டுப்பாடுகளை எதிர்த்து நடக்கவிருந்த கூட்டத்துக்காக அவர் பஸ் ஏறப் போன அதே நேரத்தில் என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தாள். நான் பலகையை வாங்கிக்கொண்டு, "பத்திரமாகப் போய்வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பெர்லினில் என்ன நடந்தது என்பதை உலகமே பார்த்தது. நகர அரசின் உள்துறை அமைச்சர் ஆந்திரேயாஸ் கைசல் கூட்டத்துக்குத் தடை விதித்திருந்தார். நீதிமன்றங்கள் அந்தத் தடையை நீக்கின. அரசின் கணக்கில் சுமார் 38,000 பேர் திரண்டார்கள். வானவில் நிறத்தில் அமைதிக் கொடிகள், இதயம் வரைந்த பலூன்கள், தரையில் கண்மூடித் தியானம் செய்பவர்கள், அவர்களுக்கு நடுவே கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடிகள். அந்தக் கொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது 1918இல் முடிந்துபோன கைசர் பேரரசின் கொடி. ஸ்வஸ்திகாக் கொடியைத் தூக்கினால் சிறை என்பதால், அதன் இடத்தில் இதைத் தூக்கும் வழக்கம் தீவிர வலதுசாரிகளிடம் நெடுங்காலமாக உண்டு. இன்றைய ஜெர்மன் அரசே செல்லாது, பழைய பேரரசுதான் இன்னும் சட்டப்படி நீடிக்கிறது என்று நம்பும் 'ரைஷ்பூர்கர்' கூட்டத்துக்கும் அதுதான் அடையாளம்.

அன்று மாலை நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்ஸ்டாக் முன் இருந்த ஒரு சிறு மேடையில், இயற்கை வைத்தியம் செய்யும் ஒரு பெண் ஒலிபெருக்கியைப் பிடித்தார். டிரம்ப் பெர்லினுக்கு வந்துவிட்டார், நாம் வென்றுவிட்டோம், படிகளில் ஏறுங்கள் என்று கத்தினார். சில நூறு பேர் தடுப்புகளைத் தாண்டிப் படிகளில் ஏறினார்கள். கண்ணாடிக் கதவின் முன் முதல் சில நிமிடங்கள் நின்றவர்கள் மூன்றே மூன்று போலீஸ்காரர்கள். அவர்களில் ஒருவர் தலையில் ஹெல்மெட்கூட இல்லாமல் கைத்தடியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தை எதிர்கொண்டது என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. அவர்களைக் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் பின்னர் அழைத்து நன்றி சொன்னார்.

நான் டிவியில் அந்தக் கூட்டத்துக்குள் வானவில் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை ஓமா திரும்பினார். முகம் வெயிலில் சிவந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, "நாங்கள் அங்கே இல்லை. வெற்றித் தூண் பக்கம் இருந்தோம். அங்கே பாட்டும் பேச்சும்தான். அந்தப் படிகளில் ஏறியவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முதன்மை மேடை வெற்றித் தூண் அருகில்தான் இருந்தது. அங்கிருந்து ரைஷ்ஸ்டாக்குக்கு நடக்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் அந்தச் சொற்றொடர், "எங்கள் ஆட்கள் அல்ல", எனக்குள் தைத்துவிட்டது. அப்படியானால் அந்த ஆட்கள் யார்? உங்கள் ஆட்கள் யார்? இருவரும் ஒரே அழைப்பைக் கேட்டு, ஒரே நாளில், ஒரே நகரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?

அந்த நாட்களில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று, "ஜெர்மனியில் நாஜிகள் மறுபடியும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்." மற்றொன்று, "ஜெர்மனியில் 13 லட்சம் பேர் ஊரடங்கை எதிர்த்துத் திரண்டார்கள், ஊடகங்கள் மறைக்கின்றன." இரண்டாவது செய்தி ஆகஸ்ட் 1ஆம் தேதி பெர்லினில் நடந்த முதல் பெரிய கூட்டத்தைப் பற்றியது. 13 லட்சம் என்பது அமைப்பாளர்கள் தரப்பு சொன்ன எண். காவல்துறை எண்ணியது சுமார் 20,000. முதல் செய்தியும் அதே அளவுக்குத் தவறு என்பதை என் மேல்மாடியைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. ஓமா நாஜி அல்ல. அவருடைய அப்பாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியிருக்கிறார். அந்தக் காலத்தை வெறுத்தே தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர் அவர்.

தொடக்கத்துக்குப் போகிறேன். முதல் போராட்டம் 2020 மார்ச் 28 அன்று பெர்லினில், ரோசா லுக்சம்பர்க் சதுக்கத்தில், ஒரு நாடக அரங்கின் முன்னால் நடந்தது. கூட்டியவர்கள் இடதுசாரிப் பின்புலம் கொண்ட கலை உலகத்தினர். கையில் அரசியலமைப்புச் சட்டப் பிரதிகளை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அதே மாதத்தில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி எங்கே நின்றது தெரியுமா? அரசு தூங்குகிறது, எல்லையை மூடு, கட்டுப்பாட்டைக் கடுமையாக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கட்சி மறுபக்கம் தாவியது. இதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

போராட்டத்துக்கு நியாயமான காரணமே இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தொடக்க வாரங்களில் பல ஊர்களில் எல்லாக் கூட்டங்களையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்தார்கள். கீசன் நகரில் அப்படித் தடுக்கப்பட்ட ஒரு சிறு கூட்டத்தின் வழக்கில், ஏப்ரல் 15 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டது. ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே ஆராயாமல் மறுக்கக் கூடாது என்றது. முதியோர் இல்லங்களில் பிள்ளைகளின் முகம் பார்க்காமல் எத்தனையோ பேர் இறந்தார்கள். பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஓமாவுக்கு முதலில் பொறுக்காமல் போனது இதுதான். அவருடைய அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று அக்காவுக்காகப் புல்லாங்குழல் வாசித்துவிட்டு வந்த நாளில், அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

அந்த ஏப்ரலில்தான் ஸ்டுட்கார்ட்டில் மிஷாயேல் பால்வெக் என்ற கணினி மென்பொருள் தொழிலதிபர் 'குவேர்டெங்கன் 711' என்ற அமைப்பைத் தொடங்கினார். குவேர்டெங்கன் என்றால் வழக்கத்துக்குக் குறுக்கே சிந்திப்பது. அதுவரை நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொண்ட சொல் அது. 711 என்பது ஸ்டுட்கார்ட்டின் தொலைபேசிக் குறியீட்டு எண். பிற ஊர்களில் கிளைகள் முளைத்தபோது அந்தந்த ஊரின் எண்ணையே சூட்டிக்கொண்டார்கள். மே மாதம், இலையுதிர் காலத்தில் பீர் திருவிழா நடக்கும் கான்ஸ்டாட் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அதாவது இந்த இயக்கம் நாடு முழுவதும் பரவியது நாட்டின் மிகச் செழிப்பான மூலைகளில் ஒன்றிலிருந்து. பென்ஸ், போர்ஷே, பாஷ் ஆகிய நிறுவனங்கள் இருக்கும் ஊர். அப்போது பசுமைக் கட்சி முதல்வர் ஆண்ட மாநிலம்.

அவர்கள் யார் என்பதற்கு ஓரளவு பதில் சொன்னது சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் ஒலிவர் நாக்ட்வே தலைமையில் நடந்த ஆய்வு. 2020 இறுதியில் போராட்டக்காரர்களின் டெலிகிராம் குழுக்களில் ஒரு கேள்வித்தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிரப்பி அனுப்பினார்கள். தாமாக முன்வந்து நிரப்பியவர்கள் என்பதால் இதை மொத்த இயக்கத்தின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆனாலும் அந்த எண்கள் என்னை உலுக்கின. சராசரி வயது 47. மூன்றில் ஒருவர் பட்டதாரி. நான்கில் ஒருவர் சுயதொழில் செய்பவர். முந்தைய நாடாளுமன்றத் தேர்தலில் 23 சதவீதம் பேர் பசுமைக் கட்சிக்கும், 18 சதவீதம் பேர் இடதுசாரிக் கட்சிக்கும், 15 சதவீதம் பேர் ஏ.எஃப்.டிக்கும் வாக்களித்திருந்தார்கள். அடுத்த தேர்தலில் யாருக்கு என்று கேட்டபோது 27 சதவீதம் ஏ.எஃப்.டி என்றார்கள். 18 சதவீதம் பேர், போராட்டத்திலிருந்தே பிறந்த 'டீ பாசிஸ்' கட்சியைச் சொன்னார்கள். பசுமைக் கட்சி ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. வெளிநாட்டவர்மீதும் முஸ்லிம்கள்மீதும் வெறுப்பைக் காட்டும் கேள்விகளுக்கோ பெரும்பாலோர் ஆம் சொல்லவில்லை.

இந்த எண்களைப் படித்தபோது ஓமாவையே ஒரு அட்டவணையில் பார்த்ததுபோல இருந்தது. இடப்பக்கத்தில் பிறந்து வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும் இயக்கம் என்றுதான் ஆய்வாளர்களும் அதை வர்ணித்தார்கள்.

ஏன் ஸ்டுட்கார்ட்? அதற்கு அந்த மண்ணைக் கொஞ்சம் கிளற வேண்டும். 1919இல் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆன்மிகத் தத்துவவாதி, ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக உலகின் முதல் வால்டோர்ஃப் பள்ளியைத் தொடங்கியது இங்கேதான். ஸ்டைனரின் போதனையில் கர்மமும் மறுபிறவியும் உண்டு. நம் ஊர்ச் சொற்கள் ஐரோப்பாவில் அலைந்து திரிந்து ஒரு ஜெர்மன் தத்துவத்தில் குடியேறியிருப்பதை ஓமாவின் புத்தக அலமாரியில்தான் முதன்முதலில் பார்த்தேன். அந்த வட்டத்தில் சிலர், குழந்தைக்கு வரும் காய்ச்சல் அதன் வளர்ச்சிக்கு ஒரு படி, அதை ஊசியால் தடுப்பது ஆன்மாவின் பாதையில் குறுக்கிடுவது என்று நம்புகிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. வால்டோர்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு குவேர்டெங்கன் இயக்கத்திலிருந்து தள்ளியே நின்றது. அம்மாநில இயக்கத்தைத் தனியாக ஆராய்ந்தபோது, இந்த வட்டத்தோடு மாற்று வாழ்க்கை தேடிய எழுபதுகளின் தலைமுறையும், தேவாலய அமைப்புக்கு வெளியே நிற்கும் பக்திச் சபைகளும், ஸ்டுட்கார்ட் 21 காலத்திலிருந்தே அரசின்மேல் கோபம் ஆறாத நடுத்தர வர்க்கமும் சேர்ந்து கிடைத்தன. என் உடம்புக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும், நிபுணர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது இவர்கள் எல்லோருக்கும் பொது.

2021 கோடையில், சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து நாங்கள் டிரெஸ்டனுக்குக் குடிபெயர்ந்தோம். கிழக்கு ஜெர்மனி, சாக்சனி மாநிலம். அங்கே போன பிறகுதான், அதே போராட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு ஒரு மண்ணில் வேறு ஒரு வேரிலிருந்து முளைத்திருப்பதைக் கண்டேன்.

அந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிட்டாவ் மலைகளுக்குக் காரில் போனோம். பவுட்சனைத் தாண்டி 96ஆம் எண் நெடுஞ்சாலை. கிராமங்களின் ஓரத்தில் பத்துப் பேர், இருபது பேர் என்று சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். கோஷம் இல்லை, மேடை இல்லை. வயதானவர்கள், பிள்ளைகளோடு அம்மாக்கள், மோட்டார் சைக்கிள்மீது சாய்ந்தபடி இளைஞர்கள். கையில் கொடிகள். சாக்சனியின் வெள்ளை-பச்சை சில. கறுப்பு-வெள்ளை-சிவப்பு பல. 2020 வசந்த காலத்திலிருந்து ஞாயிறுதோறும் அப்படித்தான் நின்றார்கள். பெர்லினில் ஓமா, "எங்கள் ஆட்கள் அல்ல" என்று தள்ளிவைத்த கொடி இங்கே யாருக்கும் கூச்சம் தரவில்லை. அது அந்த ஊர் வாடிக்கையாகவே ஆகிவிட்டிருந்தது.

அதே நெடுஞ்சாலை தெற்கே போய் முடிகிற ஊர் சிட்டாவ். 2020 டிசம்பரில் அந்த ஊரின் தகன நிலையம் தாங்கவில்லை. உடல்களை வைக்க இடமின்றி, வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய கிடங்கைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. மைசன் ஊரின் தகன நிலையத்திலும் சவப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். என் மனைவி காரில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜன்னல் வழியே அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

2021 நவம்பர் நடுவில் பிரெமனில் சுமார் 79 சதவீதம் பேர் தடுப்பூசி போட்டு முடித்திருந்தார்கள். சாக்சனியில் சுமார் 58. நாட்டிலேயே மிகக் குறைவு. தொற்று, நாட்டிலேயே மிக அதிகம். நோயாளிகளை வேறு மாநில மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 10.3 சதவீதம் பெற்ற ஏ.எஃப்.டி, சாக்சனியில் 24.6 சதவீதத்தோடு முதலிடம். இந்த இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தவர்கள் பலர். மக்கள்தொகையில் முதியோர் அதிகம், செக் எல்லை தாண்டி அன்றாடம் வேலைக்கு வந்துபோவோர் அதிகம் என்ற விளக்கங்களிலும் உண்மை இருந்தது. ஆனால் அவை மட்டும் போதவில்லை.

நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் இந்தப் புள்ளியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிழக்கு ஜெர்மானியர்கள் ஊசிக்குப் பயந்தவர்கள் அல்லர். பழைய கிழக்கு ஜெர்மனியில் தடுப்பூசி கட்டாயம். அம்மை, போலியோ, தொண்டை அடைப்பான், தட்டம்மை எல்லாவற்றுக்கும் போட்டு வளர்ந்த தலைமுறை அது. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசியை எடுத்துக்கொண்டால், அதை இன்றும் அதிகம் போட்டுக்கொள்ளும் முதியவர்கள் இருப்பது கிழக்கில். மிகக் குறைவாகப் போட்டுக்கொள்வது தெற்கில், அதாவது ஓமாவின் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் பக்கத்துப் பவேரியாவிலும். டிரெஸ்டனில் எங்கள் கீழ்வீட்டுத் தாத்தா ஒவ்வொரு அக்டோபரிலும் சொல்லிவைத்தாற்போல் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வார். கொரோனா ஊசியை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது டாக்டர் கொடுப்பது. இது பெர்லின் கொடுப்பது" என்றார்.

தெற்கில் மருத்துவத்தின்மேல் இருந்த சந்தேகம் அரசின்மேல் படர்ந்தது. கிழக்கில் அரசின்மேல் இருந்த கசப்பு ஊசியில் போய் இறங்கியது. கீழ்வீட்டுத் தாத்தா ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு ஆலை மூடப்பட்டது. பிள்ளைகள் இருவரும் மேற்கே போய்விட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அவர் வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளை யாரோ எங்கிருந்தோ எடுத்தார்கள் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கசப்புக்கு 1989இன் நினைவு ஒரு பெருமையான உடையைப் போட்டுவிட்டது. அந்த அக்டோபர் 9, திங்கட்கிழமை, லைப்சிக் நகரின் வட்டச் சாலையில் சுமார் 70,000 பேர் துப்பாக்கிக்கு அஞ்சாமல் நடந்தார்கள், கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரம் சரிந்தது. 2020 நவம்பர் 7 அன்று குவேர்டெங்கன் லைப்சிக்கைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். நகர மையத்தில் 16,000 பேருக்குத்தான் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. காவல்துறை 20,000 என்றது. கூட்டங்களைக் கணக்கிடும் ஒரு ஆய்வுக் குழு 45,000 என்றது. முகக்கவசம் இல்லை, இடைவெளி இல்லை என்று கூட்டத்தைக் கலைக்கச் சொன்ன பிறகு, முன்வரிசையில் வந்த முரட்டுக் கும்பல்கள் பட்டாசு வீசிப் போலீஸ் வரிசையை உடைத்தன. அவர்கள் திறந்த வழியில் மெழுகுவர்த்தி ஏந்தியவர்கள் பாடிக்கொண்டே வட்டச் சாலையில் நடந்தார்கள். அதை விடுதலையின் இரண்டாம் நாள் என்று கொண்டாடினார்கள். 1989இல் உண்மையில் அந்தச் சாலையில் நடந்த பலருக்கு அது தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை என்பது அதற்குப் பிறகு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2021-22 குளிர்காலத்தில், எல்லோருக்கும் தடுப்பூசி கட்டாயமாகுமா என்ற விவாதம் சூடுபிடித்தபோது, பெரிய நகரக் கூட்டங்கள் சிறு ஊர்களுக்குச் சிதறின. ஜெர்மனியில் ஒரு கூட்டத்தை 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவைத் தவிர்க்க, "இது போராட்டம் அல்ல, மாலை நேர உலா" என்றார்கள். ஜனவரியில் ஒரே திங்கட்கிழமை மாலையில் நாடு முழுவதும் சுமார் இரண்டாயிரம் இடங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்தார்கள். ரோஸ்டாக், மாக்டபர்க், கேரா, ஃபிரைபெர்க் என்று கிழக்கிலும், ராய்ட்லிங்கன், நியூரம்பெர்க், ஷ்வைன்ஃபுர்ட் என்று தெற்கிலும். சாக்சனியில் இதை ஒருங்கிணைத்தது 2021 பிப்ரவரியில் தொடங்கிய 'சுதந்திர சாக்சனியர்' என்ற தீவிர வலதுசாரிக் கட்சி. அதன் டெலிகிராம் பக்கத்தில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்ற பட்டியல் வாரந்தோறும் வரும். அந்த டிசம்பர் 3 இரவு, கிரிம்மா ஊரில் மாநிலச் சுகாதார அமைச்சர் பெட்ரா கோப்பிங் வீட்டின் முன் முப்பது பேர் தீப்பந்தங்களோடு போய் நின்றார்கள். தீப்பந்தத்தோடு ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பது ஜெர்மன் வரலாற்றில் எதை நினைவூட்டும் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதே மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை. மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் சாக்சனி மிக அழகாக இருக்கும். ஒவ்வொரு ஜன்னலிலும் வளைவாக மரத்தில் செதுக்கிய மெழுகுவர்த்தித் தாங்கி, வாசல்களில் ஹெர்ன்ஹூட் ஊரின் காகித நட்சத்திரங்கள். தெருமுனையில் சிறு கண்ணாடி விளக்குகளை ஏந்தி நூறு நூற்றைம்பது பேர் மெதுவாக நடந்து வந்தார்கள். "கோயில் ஊர்வலமா அப்பா?" என்று மகள் கேட்டாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அவளோடு படிக்கும் ஒரு பையனின் அப்பா விளக்கோடு வந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். அவருக்கு நான்கைந்து அடி பின்னால், கறுப்புச் சட்டை இளைஞர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவன் எங்களை நோக்கி ஏதோ சொன்னான். எந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதைப் பற்றிய சொல் அது. மகளுக்குப் புரிந்தது. என் விரலை இறுக்கினாள். நான் அந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. விளக்கைக் காற்றிலிருந்து மறைத்தபடி முன்னால் நடந்து போனார்.

அவர் கெட்டவர் அல்ல. பள்ளி விழாவில் எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர். அன்று அவர் கையில் இருந்தது விளக்குதான். ஆனால் ஓமாவின் பயணத்தில் நான் புரிந்துகொள்ளத் தவித்தது என்ன என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெளிந்தது. இந்தப் போராட்டங்களில் பெரும்பான்மையினர் தீவிர வலதுசாரிகள் அல்லர் என்பது உண்மை. பக்கத்தில் நடப்பவரிடமிருந்து விலகி நிற்க அந்தப் பெரும்பான்மை மறுத்தது என்பதும் உண்மை. எல்லோரையும் உள்ளே விடுவதே திறந்த மனம் என்று பால்வெக்கின் இயக்கம் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தது. அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் கைசர் கொடியும் வந்தது. தன்னை சோஃபி ஷோலோடு ஒப்பிட்டுக்கொண்ட பேச்சாளரும் வந்தார். அது 2020 நவம்பரில் ஹனோவர் மேடையில். 21 வயதில் ஹிட்லர் ஆட்சி தலையை வெட்டிக் கொன்ற மாணவி சோஃபி ஷோல். மேடைக் காவலுக்கு நின்ற இளைஞர் ஒருவர் இதைக் கேட்டதும் தன் காவலர் மேலங்கியைக் கழற்றி அந்தப் பேச்சாளரிடமே நீட்டி, இந்த அபத்தத்துக்கு நான் காவல் நிற்க மாட்டேன் என்று சொல்லிப் போனார். அந்த இளைஞரின் முகம் தெரிந்த காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவரைப் போல இன்னும் ஆயிரம் பேர் அன்றைய கூட்டங்களில் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

பஸ்களுக்கு வருகிறேன். போராட்டத்துக்கு ஆள் ஏற்ற, சில பஸ் நிறுவன முதலாளிகள் சேர்ந்து ஒரு வலையமைப்பே நடத்தினார்கள். எந்த ஊரில் எங்கே நிற்கும் என்று நிறுத்தங்களின் பட்டியலை வெளியிட்டார்கள். மார்ட்டின் லாங்கே, ஓலே மொன்ஷாய்யர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலையே எடுத்து, நிறுத்தம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2020 நவம்பரில் லைப்சிக்கிலும், பதினொரு நாள் கழித்துப் பெர்லினிலும் நடந்த இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, நிறுத்தம் இருந்த மாவட்டங்களில் தொற்று தெளிவாகக் கூடியிருந்தது. அந்த இரண்டு கூட்டங்களும் நடக்காமல் இருந்திருந்தால் கிறிஸ்துமஸுக்குள் 16,000 முதல் 21,000 தொற்றுகளைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. என் மனைவி அந்தச் செய்தியை அச்செடுத்துச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அந்த டிசம்பரில் அவள் எத்தனை பேருடைய கண்களை மூடினாள் என்று என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

பிறகு நடந்தவை பத்திரிகைகளில் விரிவாக வந்தவைதான். 2020 டிசம்பரில் பாடன்-வூர்ட்டம்பெர்க்கின் உள்நாட்டு உளவு அமைப்பான அரசியலமைப்புப் பாதுகாப்புத் துறை குவேர்டெங்கனைக் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த ஏப்ரலில், பழைய இடது, வலது பெட்டிகள் எதிலும் இந்தக் கூட்டம் அடங்கவில்லை என்று சொல்லி, 'அரசின் நியாயத்தன்மையைக் குலைத்தல்' என்ற புதிய பிரிவையே மத்திய அமைப்பு உருவாக்கியது. டீ பாசிஸ் 2021 தேர்தலில் 1.4 சதவீதத்தோடு நின்றுபோனது. பொதுத் தடுப்பூசிக் கட்டாயச் சட்டம் 2022 ஏப்ரல் 7 அன்று நாடாளுமன்றத்தில் தோற்றது. பால்வெக் நன்கொடை மோசடிக் குற்றச்சாட்டில் ஒன்பது மாதம் காவலில் இருந்து, 2025இல் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். 2022 டிசம்பரில் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாக ஹைன்ரிஷ் ரோய்ஸ் என்ற இளவரசரும் கூட்டாளிகளும் கைதானபோது, அவர்களில் சிலர் கொரோனாப் போராட்ட மேடைகளில் ஏற்கெனவே பார்த்த முகங்கள்.

போன வருடம் ஒரு வேலையாக ஸ்டுட்கார்ட் போனேன். பழைய வீட்டுக்கு எதிரே நின்று மணியடிக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினேன். ஓமா கதவைத் திறந்தார். மெலிந்துபோயிருந்தார். பிளம் கேக் வெட்டி வைத்தார். மகள் இன்னும் புல்லாங்குழல் வாசிக்கிறாளா என்று கேட்டார். என் மனைவியைப் பற்றிக் கேட்கும்போது குரல் தணிந்தது. அவருடைய அக்கா 2021 ஜனவரியில் அதே இல்லத்தில் இறந்துவிட்டார் என்று அப்போதுதான் சொன்னார். என்ன நோய் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும் நேரத்தில்தான், இத்தனை வருடம் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். "அன்று பெர்லின் போன பஸ்ஸில் அந்தக் கொடி இருந்ததா?"

அவர் எந்தக் கொடி என்று கேட்கவில்லை. மேசையில் இருந்த கேக் துகள்களை உள்ளங்கையால் ஒரு பக்கமாகக் கூட்டிச் சேர்த்தார்.

"எனக்கு முன்னிருக்கையில் இருந்த இளைஞன் வைத்திருந்தான். கம்பில் சுற்றி வைத்திருந்தான். நல்ல பையன். வழியில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். அது என்ன கொடி என்று எனக்குத் தெரியும். கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஃபுல்டா வரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு தூங்கிவிட்டேன்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். எங்கள் பழைய கதவில் இப்போது வேறு ஒரு பெயர் ஒட்டியிருந்தது. படி கூட்டும் பலகை அந்தக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.